வாசகர் கேள்வி – பதில்: நம்பர் பூட்டு எப்படிப் பூட்டுகிறது, எங்கே கைவிடுகிறது?

சென்ற இதழில் சைக்கிள் பூட்டுகளைப் பற்றி எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து, திறப்பே தேவைப்படாத நம்பர் பூட்டுகளைக் குறித்துத்தான் இம்முறை அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே சந்தேகத்தை எழுப்பியவர்களின் கடிதங்களை ஒன்றாக்கி, இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் நண்பர்களும் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறோம். நான்கு சில்லுகள் உள்ள ஆமைப்பூட்டு ஒன்றுக்கு 10,000 எண்கள் சாத்தியம் என்று கணக்குப் போட்டு, எண் தெரியாமல் ஒருவராலும் இதைத் திறக்க முடியாது என்று பந்தயம் கட்டினேன். நண்பன் ஒருவன் வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சில்லுகளை உருட்டியே சில நிமிடங்களில் திறந்துவிட்டான். எங்கள் கணக்கில் எங்கே பிழை?
– மாணவர், கோண்டாவில்

பதில்: கணக்கில் பிழை இல்லை. ஒவ்வொரு சில்லிலும் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் இருப்பதால் நான்கு சில்லுகளுக்கும் 10,000 நிலைகள் உண்டு. ஒரு நிலைக்கு இரண்டு செக்கன் என்று வைத்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். உங்கள் நண்பர் அந்த 10,000 நிலைகளைத் தேடப் போகவே இல்லை. அவர் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே விசாரித்திருக்கிறார். அப்படி விசாரிக்க முடிந்தால் ஒரு சில்லுக்கு அதிகபட்சம் பத்து நிலைகள், நான்குக்கும் சேர்த்து நாற்பது நிலைகள். பெருக்கலாக நின்றிருக்க வேண்டியது கூட்டலாகச் சுருங்கிவிட்டது.

சில்லுகள் ஏன் இப்படித் தனித்தனியே பேசுகின்றன என்பதைப் புரிந்துகொள்ளப் பூட்டின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். நாம் விரலால் உருட்டும் இலக்க வளையத்துக்குள்ளே இன்னொரு சிறு உள்வளையம் இருக்கிறது. அதன் சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு உண்டு. பூட்டின் கொளுவும் வளையத்தின் நீண்ட கால் இந்த உள்வளையங்கள் எல்லாவற்றின் ஊடாகவும் செல்கிறது. அந்தக் காலிலே சில்லுக்கு ஒன்றாகப் பற்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லா வெட்டுகளும் பற்களுக்கு நேரே வந்தால் கால் வழுக்கி மேலே வரும். ஒரு சில்லு பிசகி நின்றாலும் அதற்குரிய பல் சுவரில் முட்டி நின்றுவிடும். ஒவ்வோர் இலக்கத்திலும் கைக்குத் தெரிகிற அந்தச் சிறு 'டிக்', சில்லு இரண்டு இலக்கங்களுக்கு நடுவே நின்றுவிடாதபடி வில்லொன்றால் அழுத்தப்பட்ட குண்டு பள்ளத்தில் விழுவதால் வருவது. அதற்கும் எண்ணின் இரகசியத்துக்கும் தொடர்பில்லை. காதருகே பூட்டை வைத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சத்தத்தைத்தான் கேட்டு ஏமாறுகிறார்கள்.

வரைபடத்தில் நான்கு பற்களும் ஒரே நேரத்தில் நான்கு சுவர்களில் முட்ட வேண்டும். வார்த்தும் வெட்டியும் செய்த உலோகத்தில் அது நடப்பதில்லை. பற்களின் இடைவெளியிலும் சுவரின் தடிப்பிலும் மில்லிமீற்றரின் சிறு பின்னங்கள் வேறுபடும். ஆகவே கொளுவும் வளையத்தை இழுத்துப் பிடித்தால் ஒரு பல் மற்றவற்றுக்கு முந்தி முட்டிக்கொண்டு இழுவிசை முழுவதையும் தானே தாங்கும். அந்தச் சில்லு மட்டும் உருட்டுவதற்கு இறுக்கமாக இருக்கும், மற்றவை தளர்வாகச் சுற்றும். இறுகிய சில்லை மெல்ல உருட்டிக்கொண்டு போனால் அதன் வெட்டு நேரே வரும் கணத்தில் வளையம் ஒரு மயிரிழை மேலே அசையும். உடனே இறுக்கம் அடுத்த சில்லுக்கு மாறும். பந்தயத்தில் உங்களைத் தோற்கடித்தது அந்த மயிரிழைதான்.

நல்ல பூட்டுச் செய்பவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் உண்மையான வெட்டுக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த பொய்வெட்டுகள் சிலவற்றையும் வைக்கிறார்கள். பல் அவற்றில் விழும்போது வளையம் சற்று அசைந்து, சரியான இலக்கம் கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தைத் தரும். அங்கே நிறுத்தினால் அடுத்த சில்லுகள் ஒன்றும் சொல்லாமல் அடம்பிடிக்கும். மலிவான பூட்டுகளில் இந்த ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. உங்கள் நண்பரிடம் பொய்வெட்டுள்ள பூட்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்; பந்தயப் பணம் திரும்பி வரக்கூடும்.

கேள்வி: நான்கு இலக்கப் பூட்டுக்குப் பிறந்த ஆண்டை எண்ணாக வைப்பது அவ்வளவு பிழையா?
– இல்லத்தரசி, சுன்னாகம்

பதில்: பிழைதான். இப்போது வாழ்பவர்களின் பிறந்த ஆண்டுகள் நூற்றைச் சற்றே தாண்டும். திகதியையும் மாதத்தையும் வைத்தாலும் 366ஐத் தாண்டாது. அதைவிடப் பெரிய பிழை, பூட்டிவிட்டுக் கடைசிச் சில்லை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவது. அப்படி விட்ட பூட்டு எவருக்கும் பத்து முயற்சிக்குள் திறக்கும். எல்லாச் சில்லுகளையும் கலைத்துவிடுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்த தமையன் குடும்பம் விட்டுச்சென்ற சூட்கேஸில் மூன்று இலக்கப் பூட்டு இருக்கிறது. விமானத்தில் ஏற்றும்போது திறந்த அதே எண் வீட்டுக்கு வந்ததும் திறக்கவில்லை. யாரும் எண்ணை மாற்றவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள். பூட்டு தானாக எண்ணை மாற்றிக்கொள்ளுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்லூர்

பதில்: மாற்றிக்கொள்ளும், அவர்கள் சத்தியத்தையும் சந்தேகிக்க வேண்டாம். இத்தகைய சூட்கேஸ் பூட்டுகளில், பேனை முனையால் அழுத்தும் ஒரு சிறு பொத்தானோ, துணியுறைக்கு உள்ளே ஒரு சிறு நெம்போ இருக்கும். பூட்டு சரியான எண்ணில் நிற்கும்போது அதை அழுத்தினால், வெளியே தெரியும் இலக்க வளையங்களுக்கும் உள்ளே வெட்டுள்ள வளையங்களுக்கும் உள்ள பிடிப்பு விடுபடும். அப்போது புதிய எண்ணுக்குச் சில்லுகளை உருட்டி, பொத்தானைத் திரும்ப வெளியே வரவிட்டால் அதுவே பூட்டின் எண். பலரும் பயணத்தின்போது சில்லுகளைக் கலைக்காமல் திறந்த எண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நிலையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது பொத்தான் உள்ளே அமுங்கி, சில்லொன்று உரசி ஓரிரு இலக்கம் நகர்ந்துவிட்டால், ஒருவரும் கேட்காத ஓர் எண் பதிவாகிவிடும்.

இந்தக் காரணத்தினால்தான் தேடலை 000இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழைய எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் பாருங்கள். மொத்தம் 27 நிலைகள். இரண்டு வரை கூட்டிக் குறைத்தால் 125. அதிலும் கிடைக்காவிட்டால் 1,000 நிலைகளையும் வரிசையாகப் பார்க்க, நிலைக்கு இரண்டு செக்கன் வீதம் அரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகும். பெட்டியை உடைப்பதைவிட இது மலிவு.

பூட்டின் அருகே சிவப்பு வைரவடிவக் குறியும் சிறு திறப்புத் துளையும் இருந்தால், அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் பெட்டியைப் பரிசோதிப்பதற்காக வைத்திருக்கும் பொதுத் திறப்புகளுக்கான துளை அது. அந்தத் திறப்புகளின் படம் 2014இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியானது. அடுத்த ஆண்டே அவற்றின் வடிவங்களை எவரும் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சடிக்கும் நிலை வந்துவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட பூட்டைப் பெட்டி தற்செயலாகத் திறந்துவிடாமல் காக்கும் கொளுக்கியாகக் கருதலாம்; நகைக்குக் காவலாக நம்ப வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுப் பாடசாலை லொக்கர்களில் முகப்பில் ஒரேயொரு வட்டத்தட்டு உள்ள பூட்டைப் பார்த்தேன். ஒரு தட்டைக் கொண்டு மூன்று எண்களை எப்படி வைக்க முடிகிறது? அதில் வலம், இடம், வலம் என்று சுற்றச் சொல்வது ஏன்?
– பொறியியல் தொழினுட்பப் பிரிவு மாணவி, பருத்தித்துறை

பதில்: தட்டுக்குப் பின்னால் ஒரே அச்சில் மூன்று வட்டுகள் இருக்கின்றன. முதல் வட்டு மட்டுமே நாம் சுற்றும் தட்டோடு பொருத்தப்பட்டது. மற்ற இரண்டும் சும்மா சுழலக்கூடியவை. ஒவ்வொரு வட்டிலும் ஒரு சிறு முனைப்பு உண்டு. ஒரு வட்டு ஏறக்குறைய ஒரு முழுச்சுற்றுச் சுற்றிய பின் அதன் முனைப்பு அடுத்த வட்டின் முனைப்பில் முட்டி, அதையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே வலப்பக்கமாகச் சில முழுச்சுற்றுகள் சுற்றினால் மூன்றும் கைகோத்துச் சுழலும். முதல் எண்ணில் நிறுத்தும்போது கடைசி வட்டு தன் இடத்தில் அமர்ந்துவிடும். இடப்பக்கம் திரும்பி முதல் எண்ணை ஒரு தடவை கடந்து இரண்டாம் எண்ணில் நிறுத்தும்போது நடுவட்டு அமரும். மீண்டும் வலமாக நேரே மூன்றாம் எண்ணுக்குப் போனால் முதல் வட்டும் அமர்ந்து, மூன்று வெட்டுகளும் ஒரே வரிசையில் நிற்க, வளையத்தை இழுத்ததும் உள்ளே உள்ள சட்டம் அவற்றில் விழும். இரண்டாம் எண்ணைச் சற்றே தாண்டிவிட்டால் தட்டைப் பின்னுக்குத் திருப்பிச் சரிசெய்ய முடியாததும் இதனால்தான்: தட்டு திரும்பி வரும், நடுவட்டு தாண்டிய இடத்திலேயே நிற்கும். முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

தட்டில் 40 எண்கள் இருந்தால் காகிதத்தில் 64,000 நிலைகள். வெட்டுகள் சட்டத்தைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டியிருப்பதால், சரியான எண்ணுக்கு அடுத்த எண்ணும் பல பூட்டுகளைத் திறக்கும். அந்தளவுக்கு மொத்தமும் சுருங்கும். இந்தச் சலுகையை நன்றாகப் பயன்படுத்தியவர் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லொஸ் அலமோஸில் அணுகுண்டு ஆய்வில் இருந்தபோது, அங்கிருந்த கோப்புப் பெட்டகங்களின் தட்டில் 100 எண்கள் இருந்தும், இருபக்கமும் இரண்டு எண் விலகினாலும் அவை திறப்பதைக் கண்டார். ஆகவே ஐந்துக்கு ஒன்றாக 20 எண்களைப் பார்த்தால் போதும். பத்து இலட்சம் 8,000 ஆனது. அதோடு நிற்காமல், சகாக்களின் அறைகளில் பெட்டகம் திறந்து கிடக்கும் வேளைகளில் பேச்சுக்கொடுத்தபடியே தட்டைத் திருகிப் பார்த்துக் கடைசி இரண்டு எண்களை அறிந்துகொள்வாராம்; மிச்சம் 20 முயற்சிகள். பெரிய கெட்டித்தனம் அவருடைய விரல்களில் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. பெட்டகத்தைத் திறந்துபோட்டுவிட்டு விருந்தாளியோடு கதைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

லொக்கர்ப் பூட்டுகளில் இன்னொரு குறையும் உண்டு. 2015இல் சாமி கம்கார் என்ற அமெரிக்க ஆய்வாளர், அங்கே பரவலாகப் பாவனையில் உள்ள ஒரு வகைப் பூட்டின் மூன்று எண்களுக்கிடையே உற்பத்தி முறையினால் ஒரு கணிதத் தொடர்பு இருப்பதைப் பயன்படுத்தி, எட்டு முயற்சிகளுக்குள் திறக்கலாம் என்று காட்டினார். ஓர் எண் மற்றதைக் காட்டிக்கொடுக்குமானால் மூன்றையும் சுதந்திரமான எண்களாக எடுத்துப் பெருக்குவதில் பொருளில்லை.

கேள்வி: கடற்கரையில் எங்கள் வாடியின் கதவுக்குப் போட்ட நம்பர் பூட்டு ஓராண்டுகூட நிற்பதில்லை. சில்லுகள் இறுகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை.
– வாசகர், குருநகர்

பதில்: மலிவான நம்பர் பூட்டின் உடல் பெரும்பாலும் நாகக் (துத்தநாகக்) கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டு, மேலே மினுக்கமான பூச்சுப் பூசப்பட்டது. சோளகக் காற்றோடு வரும் உப்பீரம் பூச்சின் கீறல்களால் உள்ளே நுழைந்தால் நாகம் அரித்து வெண்ணிறத் தூளாகும். அந்தத் தூள் அரிபட்ட உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் சில்லுகளின் இடைவெளியை அடைத்துவிடும். திறப்புப் போடும் பூட்டில் காற்று நுழையப் பெரிய வழி ஒரு துளைதான்; நம்பர் பூட்டில் ஒவ்வொரு சில்லின் இருபக்கமும் வழி திறந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்குவதால் மார்கழி விடியற்புறத்தில் அதுவே பசையாகிவிடும்; நல்லெண்ணெய் காற்றுப்பட நாளடைவில் தடித்துப் பிசினாகும். இரண்டுமே மணலைப் பிடித்து வைத்திருக்கும்.

இறுகிய பூட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சில்லுகளை உருட்டி உப்பைக் கரைத்து, வெயிலில் முற்றாக உலர்த்தி, தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் சில துளிகள் விடுங்கள். பூட்டுக்குக் காரீயத்தூள் (பென்சிலில் உள்ள கிராபைட்) நல்லது என்று சொல்வார்கள்; போகலச் சுரங்கத்தின் காரீயம் உலகப் புகழ் பெற்றதுதான், வீட்டுக்குள் உள்ள பித்தளைப் பூட்டுக்கு அது பொருந்தும். உப்பீரத்தில் காரீயமும் நாகமும் தொட்டுக்கொண்டிருந்தால் நாகம் இன்னும் விரைவாக அரிக்கும். வாடிக்கு நான் நம்பர் பூட்டையே சொல்லமாட்டேன். பித்தளை உடலும் துருப்பிடிக்கா உருக்கு வளையமும் உள்ள திறப்புப் பூட்டை வாங்கி, மேலே றப்பர்த் துண்டொன்றைக் கூரையாகத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: பழைய பூட்டுகளைச் சேர்த்துக் கழற்றிப் பார்க்க எங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் ஆசைப்படுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவர்கள், சாவகச்சேரி

பதில்: உங்களுக்குச் சொந்தமான பூட்டையே தொடுங்கள், சொந்தமானதாக இருந்தாலும் கதவில் பாவனையில் உள்ளதை விட்டுவிடுங்கள், இழுத்து உருட்டுவதில் பல் தேய்ந்தால் பிறகு சரியான எண்ணுக்கும் திறவாது. பழைய இரும்புக் கடைகளில் எண் மறந்துபோன பூட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அடியில் உள்ள தறையாணியைத் துளைத்தெடுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிவது கட்டாயம். சில்லுகளை வெளியே எடுக்கும் கட்டம் வந்ததும், கைகள் இரண்டையும் பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு செய்யுங்கள்; வில்லும் கடுகளவு குண்டுகளும் தெறித்துப் பாய்ந்தால் பிறகு பூட்டை மீளப் பொருத்த முடியாது.