கேள்வி – பதில்: கருப்பை வாய்ப் புற்றுநோயும் புது ரத்தக்குழாய்களும்

பயாப்சி அறிக்கையில் ‘பி16 பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. நோய் முற்றிவிட்டதா?

அப்படி அர்த்தமில்லை. பி16 என்பது நம் செல்லில் உள்ள ஒரு புரதம். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் ஈ7 புரதம், செல் பெருக்கத்துக்குத் தடை போடும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. தடை போனதும் செல்லுக்குள் பி16 குவியும். வைரஸ் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கான தடயம் இது. நோய் எந்த நிலை என்பதைச் சொல்லாது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களில் பாசிட்டிவ் என்று சொல்ல, பி16ஐக் காட்டும் சாயம் அடிவரிசையிலிருந்து இடைவிடாமல் அடர்த்தியாக, மேல்தோலின் மூன்றில் ஒரு பங்கு உயரமாவது ஏறியிருக்க வேண்டும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நெகட்டிவ்தான்.

கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபியில் பச்சை விளக்கு எதற்கு?

ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் துலங்கும். இயல்பான குழாய் மரக்கிளைபோல் பிரியப் பிரிய மெலியும். புற்றுநோயில் கமா போலவும் கார்க் திருகி போலவும் நெளிந்து, திடீரென அகலம் மாறும். உப்புநீரால் துடைத்த கையோடு இதைப் பார்த்துவிட வேண்டும். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவினால் திசு உப்பி, குழாய்கள் சற்று நேரம் மறைந்துவிடும். அவசரத்தில் இந்த வரிசை மாறுவது சகஜம்.

ரத்தக்குழாய்ச் செல்களைப் பழுப்பாகக் காட்டும் சிடி34 சாயம் ஏற்றிய ஒரே கட்டி ஸ்லைடில் நான் 24 குழாய் எண்ணினேன். சக மாணவி 41 எண்ணினார். யார் கணக்கு சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். முதலில் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் ஐபீஸைப் பாருங்கள். பார்வைப் புலத்தின் அகலத்தைச் சொல்லும் புல எண் 18ஆ, 22ஆ? 20 மடங்கு ஆப்ஜெக்டிவில் 18க்குப் புலத்தின் பரப்பு 0.64 சதுர மி.மீ.; 22க்கு 0.95. உங்களுடையது 18, அவருடையது 22 என்றால், எண்ணிக்கையைப் பரப்பால் வகுக்க சதுர மி.மீ.க்கு 38, 43. மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்தது இப்போது அவ்வளவில்லை, பாருங்கள்! மிச்ச வித்தியாசம் இடத்தேர்வில் வருகிறது. 40 அல்லது 100 மடங்கில் ஸ்லைடு முழுவதும் ஓட்டிப் பார்த்து, குழாய்கள் நெருக்கமாக உள்ள 3 இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு 200 மடங்கில் எண்ணுங்கள். செத்த திசுவின் ஓரம் வேண்டாம். உட்துளை தெரிய வேண்டியதில்லை. தனித்து நிற்கும் ஒற்றைப் பழுப்பு எண்டோதீலியச் செல்லும் (குழாயின் உட்சுவர்ச் செல்) ஒரு குழாய்தான். தசைச்சுவர் உள்ள பெரிய குழாயைச் சேர்க்காதீர்கள். சிடி34 பழையது, புதியது என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் ஏறும்; புதிதாக முளைப்பவற்றைப் பிடிக்க சிடி105 என்ற சாயம் மேல்.

புது ரத்தக்குழாய்களை முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தின் அளவைப் பார்த்துத்தான் பெவாசிசுமாப் மருந்து கொடுக்கிறார்களா?

இல்லை. மருந்து கட்டிப்போடுவது அந்தப் புரதத்தைத்தான் என்றாலும், யாருக்குப் பலிக்கும் என்பதை அதன் அளவை வைத்துத் தீர்மானிப்பதில்லை. 2014இல் வெளியான ஜி.ஓ.ஜி. 240 ஆய்வில், பரவிய அல்லது திரும்பி வந்த நோய்க்குக் கீமோவுடன் இதைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 13.3 மாதத்திலிருந்து 17 மாதமானது. 3 வாரத்துக்கு ஒருமுறை, கிலோவுக்கு 15 மி.கி.; 60 கிலோ எடைக்கு 900 மி.கி. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் 28 நாளாவது கழிந்து, காயமும் ஆறியிருக்க வேண்டும். இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழும் அபாயம் கூடுதல். பிறப்புறுப்பு வழியே மலமோ சிறுநீரோ கசிந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.