பேரனுக்கு ஏன் கெவின் வேண்டாம்?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் மருமகளுக்கு மருத்துவர் ஜூன் 3 என்று நாள் குறித்திருக்கிறார். அது புனித கெவின் திருநாள். பையன் பிறந்தால் கெவின் என்றே பெயர் வைக்கச் சொன்னேன். "பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் அம்மா" என்கிறான் மகன். ஒரு புனிதரின் பெயரில் சிரிக்க என்ன இருக்கிறது? என் பேச்சைத் தட்டிக்கழிக்க இது ஒரு சாக்கா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: சாக்கு இல்லை, அம்மா. அங்கே சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் புனிதரைப் பார்த்து அல்ல.

அவர் ஆறாம் நூற்றாண்டில், அயர்லாந்தின் விக்லோ மலைகளுக்கிடையே கிளெண்டலாக் பள்ளத்தாக்கில் மடம் நிறுவிய துறவி. தவக்காலத்தில் கையை நீட்டி ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு கரும்பறவை உள்ளங்கையில் முட்டையிட்டதாம். குஞ்சு பொரிக்கும்வரை அவர் கையை மடக்கவே இல்லையாம். அந்த மனிதரைக் கேலி செய்ய யாருக்கு மனம் வரும்?

அவர் பெயர் நெடுங்காலம் அயர்லாந்துக்குள்ளேயே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் வெளியே பரவியது; 1960-களில் அமெரிக்காவில் நன்றாகவே ஓடியது. பிறகு 1990-இல் 'ஹோம் அலோன்' படம் வந்தது. வீட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் சிறுவன் பெயர் கெவின். ஜெர்மனியில் படத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயரைச் சேர்த்து வெளியிட்டார்கள். நடிகர் கெவின் காஸ்ட்னரின் புகழும் அப்போது உச்சத்தில் இருந்தது. 1991-இல் ஜெர்மனியில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் கெவின். பிரான்சிலும் அந்த ஆண்டுகளில் அதுவே முதலிடம்.

சிக்கல் அங்கேதான். படித்த, வசதியான குடும்பங்கள் இந்தப் பெயரைத் தொடவில்லை. சினிமா பார்த்துப் பெயர் வைக்கும் எளிய வீட்டுப் பெயர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் எழுதினார்: "கெவின் என்பது பெயரல்ல, நோய்க்கணிப்பு." குழந்தையின் முகத்தைப் பார்க்குமுன்பே தீர்ப்பு! அந்தக் கையில் சாக்பீஸைக் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கெவின்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். 1989-இல் பிறந்த கெவின் கூனர்ட், ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியின் பொதுச்செயலாளராகவே இருந்தார். இன்றைய இளம் ஆசிரியர்கள் பலருக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு கெவின் உட்கார்ந்திருப்பான். கேலி மெல்ல நீர்த்துப்போகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது முழுதாக ஓயும்வரை காத்திருக்க வேண்டியவன் உங்கள் பேரன். நீங்களும் நானும் அல்ல. ஆகவே அழைக்கும் பெயரைப் பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று பெயர்களைப் பதிவு செய்யலாம். கெவின் இரண்டாவதாக இருக்கட்டும், ஞானஸ்நானத்தின்போதும் சொல்லட்டும் என்று கேளுங்கள். மகன் மறுக்க மாட்டார். தொலைபேசியில் நீங்கள் கெவின் என்று கூப்பிட்டால் எந்த ஆசிரியருக்குக் கேட்கப் போகிறது?

இன்னொன்று. மருத்துவர் குறித்த நாளில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன? பத்து நாள் தள்ளிப்போனால் ஜூன் 13, அந்தோணியார் திருநாள். அன்டோன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் இப்போது நல்ல மவுசு.