இங்க பாரு, இங்க பாரு!

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். குடும்பமாக ஒரு படம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் சின்னவன் இறங்கி ஓடுகிறான், பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஈ' என்கிறாள். கணவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. கடைசியில் யாராவது அழுகிறார்கள், பெரும்பாலும் நான். என் தங்கைதான் போனில் எடுத்துத் தருவாள். நாங்கள் நால்வரும் உருப்படியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. என்னதான் செய்வது?

பதில்: இதுவரை எடுத்துச் சரியாக வராத படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு உங்கள் இருவரின் முகத்தை மட்டும் கவனியுங்கள். நீங்கள் குனிந்து மகனின் தாடையைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். கணவர் வாயைத் திறந்தபடி 'இங்க பாரு, இங்க பாரு' என்று சொல்லிக்கொண்டிருப்பார். பையன் நேராகப் பார்த்த அந்த ஒரு நொடியில் நீங்கள் இருவருமே கேமராவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குடும்பப் படங்களைக் கெடுப்பது அதிகமும் பெரியவர்கள்தான். என்ன நடந்தாலும் நீங்கள் இருவரும் லென்ஸைப் பார்த்துச் சிரித்த முகமாக இருங்கள். பிள்ளைகளைக் கூப்பிடுகிற வேலை தங்கையுடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு படம் பதிய பல நொடிகள் ஆகும். குழந்தை அசைந்தால் முகம் கலைந்துவிடும். அதனால் அம்மாவைத் துணியால் மூடி உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்து, அசையாமல் பிடிக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட பழைய படங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்தால் குழந்தைக்குப் பின்னால் ஏதோ மூடிவைத்த நாற்காலி மாதிரி தெரியும். அது அம்மா! இன்றைக்கு ஓரளவு வெளிச்சம் இருந்தாலே நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் போதும். பிடித்து வைக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நாம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த வெளிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. ராத்திரி டியூப் லைட்டில் எடுத்தால் போன் நிதானமாகத்தான் பதியும், ஆட்டுகிற கை பஞ்சு மாதிரி வரும். பகலில், பெரிய ஜன்னலைப் பார்த்தபடி எல்லோரும் தரையிலோ கட்டிலிலோ நெருங்கி உட்காருங்கள். முகங்கள் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். தங்கையும் ஜன்னல் பக்கமாக, வெளிச்சத்தை மறைக்காமல் கீழே உட்கார்ந்து எடுக்கட்டும். இரண்டு மீட்டர் தள்ளியிருந்து, போன் திரையில் 2x என்கிற இரு மடங்கு ஜூம் வைத்தால் நல்லது. பக்கத்தில் வந்து எடுத்தால் ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபட்டுப் போகும். ஒவ்வொன்றாகத் தட்டாமல் தொடர்ச்சியாக எடுக்கிற வசதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நாற்பதில் ஒன்று தேறினால் போதும். தனிக் கேமரா கிடைத்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமலும், அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, f/5.6 அளவிலும் வைத்துக்கொள்ளலாம். அதைவிட அகலமாகத் திறக்கிற f/1.8இல் எடுத்தால் முன்னால் இருப்பவர் பளிச்சென்று இருப்பார், பின்னால் இருப்பவர் மங்கிவிடுவார்.

அப்புறம், மகளிடம் 'சிரி' என்று சொல்லவே சொல்லாதீர்கள். அதற்குப் பதில்தான் அந்த 'ஈ'. 'அப்பா காதில் ஒரு ரகசியம் சொல்லு, அம்மாவுக்குக் கேட்கக் கூடாது' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்கும்முன் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், கூடவே கோபக்கார அப்பாவுக்கும். சின்னவன் கையில் எதையாவது கொடுத்துவிடுங்கள், கரண்டியானாலும் சரி. தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு பத்தே நிமிடம். புதுச் சட்டையைக் கடைசி நிமிடத்தில் மாட்டினால் போதும். உறுத்துகிற காலரோடு எந்தக் குழந்தையும் சிரிக்காது.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. எனக்கு மூன்று வயது, அழுது வடிந்த மூக்கு, ஒரு காலில் செருப்பில்லை. டவுசர் முன்பக்கம் விசித்திரமாகச் சுருங்கியிருக்கும். நான் ஓடிவிடாதபடி அம்மா பின்னால் இரண்டு விரலால் கொக்கி போட்டிருக்கிறாள். ஆல்பத்தைத் திறந்தால் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்.

தங்கையிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். பையன் இறங்கி ஓடினால் அவள் போனைக் கீழே வைக்கக் கூடாது. நீங்கள் துரத்துவதையும் சேர்த்து எடுக்கட்டும்.