அண்ணன் மட்டும் கணக்கில் வரமாட்டாரா?

கேள்வி: கோவை தலைமை அலுவலகத்தில் ஸ்க்விட் ப்ராக்ஸி (எல்லோருக்கும் இணையத்தை வாங்கித் தரும் இடைத்தரகு மென்பொருள்) ஓடுகிறது. திருப்பூர், ஈரோடு, கரூர் கிளைகள் தலா 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) விபிஎன் என்ற தனி இணைப்பு வழியாக வந்து அதில்தான் இணையத்துக்குப் போகின்றன. கிளைக்கு ஒரு டிலே பூல் (ஸ்க்விட்டின் வேகக் கட்டுப்பாடு) போட்டு 8 எம்பிபிஎஸ் வரம்பு வைத்தேன். திருப்பூரில் மட்டும் மதியத்துக்கு மேல், லாரியில் சரக்கு அனுப்ப வேண்டிய இ-வே பில் பக்கம்கூடத் திறப்பதில்லை. (அங்கே அண்ணன் கணினிக்கு மட்டும் வரம்பு இல்லை.) பில் போடும் பெண்ணின் கணினி பழசு, மாற்றிவிடலாமா?

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதினீர்களே, அதுதான் கடிதம். மற்றதெல்லாம் உறை.

டிலே பூல் ஒரு வாளி. நொடிக்கு இவ்வளவு என்று நிரம்பும், எடுக்க எடுக்கக் குறையும். விலக்கு பெற்றவர் எடுப்பது எந்த வாளியிலும் குறையாது. அண்ணன் மதியம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பெரிய ஃபைல்களையும் இறக்குகிறார் என்று வையுங்கள். கிளைக்கு இன்னும் 8 மிச்சமிருப்பதாக ஸ்க்விட் நினைக்கும். வயரிலோ இடமே இருக்காது. வெளியே லோடு ஏற்றிய லாரி நிற்கும். திட்டு யாருக்கு விழும்? அந்தப் பெண்ணுக்கு.

அண்ணன் கல்லாவில் பணம் எடுத்தால் சீட்டு எழுதிப் போடச் சொல்வீர்கள்தானே? இதில் மட்டும் என்ன கூச்சம்? கோபக்காரராகவே இருக்கட்டும். அவரிடம் சொல்ல வேண்டியது கூடப் பிறந்தவருடைய வேலை. அதைச் செய்யாமல் சம்பளத்துக்கு வந்த பிள்ளையின் கணினியைக் குறை சொல்வது கோழைத்தனம்.

மூத்தவருக்குக் கூடக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, எழுதிக் கொடுங்கள். அவர் கணினியின் ஐபி முகவரிக்கு மட்டும் முதல் வகைப் பூல் (ஒரே வாளி), 3 எம்பிபிஎஸ். மற்றவர்களுக்கு இரண்டாம் வகை (பொது வாளி ஒன்று, ஆளுக்கு ஒரு வாளி), மொத்தம் 5, ஆளுக்கு 1. மிச்சம் 2 ப்ராக்ஸி வழியாகப் போகாத டேலி, போன் போன்றவற்றுக்கு. வரிசையில் அண்ணன் பூல் முன்னால் வரட்டும், முதலில் பொருந்துவதைத்தான் ஸ்க்விட் எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஸ்க்விட்டின் அமைப்பு ஃபைலில் எழுதும் எண் பைட்டில், எட்டு பிட் ஒரு பைட். 3 எம்பிபிஎஸ் என்றால் 3,75,000, 5 என்றால் 6,25,000, 1 என்றால் 1,25,000. எட்டால் வகுக்க மறந்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதாதீர்கள்.

அந்த ஃபைலைச் சேமிப்பதற்கு முன் திருப்பூர் போய் அண்ணனிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பெண்ணின் கணினியைத் தொடாதீர்கள்.