கனடா-அமெரிக்க எல்லை, வரி, எம்.பி.க்கள்: வாசகர் கேள்விகள்

கே: கனடா-அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூடிப் பேசினால் சுங்க வரி குறையுமா?

ப: குறையாது. இரு நாட்டு மக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து 1959 முதல் இயங்கும் அந்தக் குழுவுக்கு வரி போடவோ நீக்கவோ அதிகாரமில்லை. ஆனால் வாஷிங்டனில் நம்மைப் பாதிக்கும் சட்டமூலம் வரும்போது, யாரோடு பேசுவது என்று நம் கனடிய எம்.பி.க்கள் தெரிந்துவைத்திருப்பது அங்கேதான். இரு தரப்பும் சேர்ந்து நின்ற படத்தை ஒப்பந்தம் என்று நம்பாதீர்கள். சட்டமூல எண் என்ன என்று கேளுங்கள்.

கே: அமெரிக்க செனட் கனடா மீதான வரிக்கு எதிராக வாக்களித்ததே, வரி ஏன் அப்போதே போகவில்லை?

ப: 2025 ஏப்ரலில் 51-48 என்று நிறைவேறியது உண்மைதான். ஆனால் செனட் மட்டும் போதாது; கீழவையும் வேண்டும், அதிபர் கையெழுத்தும் வேண்டும். பாதிச் செய்தியோடு கடிதம் எழுதாதீர்கள்.

கே: ஒப்பந்தம் கையெழுத்தாகியும் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

ப: எந்த ஒப்பந்தம்? அதைக்கூட எழுதவில்லை. சரி, அடிக்கடி வரும் கேள்வி என்பதால் சொல்கிறேன். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் விமானம் ஏறுமுன்பே அமெரிக்க அதிகாரிகள் நம்மைச் சோதிக்கிறார்களே, அந்த முன்சோதனைக்கான புது ஒப்பந்தம் 2015 மார்ச்சில் கையெழுத்தானது. அமெரிக்கக் காங்கிரஸ் 2016 இறுதியில் சட்டமாக்கியது. நம் சி-23 சட்டமூலம் 2017 இறுதியில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2019 ஆகஸ்டில். நாலரை வருடம்!

அதை இழுத்தடிப்பு என்பது எனக்குப் பொறுக்கவில்லை. வேற்று நாட்டு அதிகாரி நம் மண்ணில் நின்று பெட்டியைத் திறக்கிறார், ஆளை நிறுத்திவைக்கிறார். வரிசையில் நின்றவர் மனம் மாறி, "நான் போகவில்லை" என்று திரும்பினால்? முன்பு பேசாமல் வெளியேறலாம். புதுச் சட்டப்படி, ஏன் திரும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்கலாம். இதில் எம்.பி.க்கள் சண்டை பிடிக்காமல் வேறு எதில் பிடிப்பது? கையெழுத்துப் போடுவது அரசு. நம் உரிமைகளை வரிவரியாகப் பார்க்க வேண்டியது நாடாளுமன்றம். கையெழுத்து சட்டமாகாது. மறுபடியும் சொல்கிறேன்: சட்டமூல எண்ணைக் கேளுங்கள்.

கே: புதிய வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் 2026-இல் காலாவதியா?

ப: இல்லை. 2020 ஜூலையில் தொடங்கியது, ஆயுள் 16 வருடம். 2026-க்கு ஒப்பந்தம் குறித்திருப்பது மறுஆய்வு மட்டுமே.

கே: நம் ஏரிகளில் அமெரிக்கக் காவலர் நம்மைக் கைது செய்யலாமா?

ப: கூட்டு ரோந்துப் படகில் வந்தால் செய்யலாம். ஆனால் கனடிய நீரில் கனடிய அதிகாரியின் வழிநடத்தலில், கனடியச் சட்டப்படிதான். அதற்கான சட்டம் 2012-இல் நிறைவேறியது.

கே: அமெரிக்காவிலிருந்து 150 கனடிய டாலர் வரை வாங்கினால் வரியில்லையாமே?

ப: கூரியரில் வந்தால் மட்டும் சுங்க வரி இல்லை, 40 டாலருக்கு மேல் விற்பனை வரி உண்டு. தபாலில் வந்தால் வரியில்லா வரம்பு 20 டாலர்தான்.