தேவநீதியும் நம் வீட்டுக் கணக்கும்

தேவநீதி என்றதும் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன். வந்த கேள்விச் சீட்டுகளில் பாதிக்கு மேல் பணம், சம்பளம், சொத்து. நல்லதுதான்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடும் தோப்பும் அண்ணன் கையில் இருக்கின்றன. பங்கு கேட்டால், "பழிவாங்குதல் கர்த்தருக்குரியது, கோர்ட்டுக்குப் போகாதே" என்கிறார்கள் சபையார். (நாகர்கோவில் சகோதரி)

பதில்: பங்கு கேட்பது பழிவாங்குதல் அல்ல, அம்மா. ரோமர் 12:19ஐக் காட்டி வாயை அடைப்பவர்கள் எண்ணாகமம் 27ஐயும் வாசிக்கட்டும். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று தகப்பனின் காணியைக் கேட்டார்கள். அவர்கள் பேசுகிறது சரிதான் என்றார் கர்த்தர். "அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லையே" என்று யாராவது மடக்கினால் யோபு 42:15ஐக் காட்டுங்கள்: யோபு தன் மகள்களுக்கு அவர்களுடைய சகோதரரின் நடுவிலேயே சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தான்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். உங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. அதன்படி உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சகோதரர் வழக்காடுவதை 1 கொரிந்தியர் 6இல் பவுல் கண்டித்தது உண்மை. ஆனால் அதே அதிகாரத்தில், தீர்த்துவைக்க உங்களுக்குள் ஒரு விவேகியும் இல்லையா என்றும் கேட்கிறார். அது சபையாருக்கான கேள்வி. மூப்பர்கள் முதலில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டட்டும். அதன்பின் உங்களுக்குப் புத்தி சொல்லலாம்.

கேள்வி: வீட்டு வேலைக்கு வருகிறவர் மாதத்தில் நான்கு நாள் வரவில்லை. சம்பளத்தில் பிடித்தது தவறா?

பதில்: நான்கு நாள் என்றால் வாரத்துக்கு ஒரு நாள். ஓய்வுநாள் கட்டளையைத் திறந்து பாருங்கள். "உன் வேலைக்காரி" என்று அவரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நீங்கள் ஆலயத்துக்குப் புறப்படும் ஞாயிறு காலையில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தை யார் துலக்குகிறார்? பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. முன்னோர் பாவத்துக்கான தண்டனை என்கிறாள் நாத்தனார்.

பதில்: இல்லை. யோவான் 9இல் பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் கேட்டதும் இதைத்தான். இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார் இயேசு. மருத்துவரிடம் போங்கள். நாத்தனாரிடம் போக வேண்டாம்.

கேள்வி: கடன் வாங்கி ஏமாற்றியவன் செழிப்பாக இருக்கிறான். அவனைத் தண்டியும் என்று ஜெபிக்கலாமா?

பதில்: வேதத்தில் சங்கீதங்களை எழுதியவர்கள் அதைவிடக் கடுமையாகவே ஜெபித்திருக்கிறார்கள். கையில் பிராமிசரி நோட்டு இருந்தால் மூன்று வருடம் தாண்ட விடாதீர்கள். ஜெபத்துக்குக் காலாவதி கிடையாது, நோட்டுக்கு உண்டு.

கேள்வி: பழக்கடை வைத்திருக்கிறேன். பல வருடம் எடை குறைத்து விற்றேன். மனந்திரும்பிவிட்டேன். யாருக்கென்று திருப்பிக் கொடுப்பது? காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா?

பதில்: உங்களை எழுந்து கும்பிட வேண்டும், ஐயா. ஆனால் பெட்டியில் போடாதீர்கள். நீங்கள் ஏமாற்றியது சபையை அல்ல, பழம் வாங்க வந்தவர்களை. இயேசுவின் முன் மனந்திரும்பிய வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். எண்ணாகமம் 5இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்லியிருக்கிறது. தெரிந்த வாடிக்கையாளருக்கு நேரே கொடுங்கள். முகம் தெரியாதவர்கள்தான் அதிகம் என்றால் இனி கொஞ்ச காலம் கிலோ கேட்பவருக்கு ஆயிரத்து இருநூறு கிராம் போடுங்கள். அதே தெருவில்தானே அவர்களும் நடக்கிறார்கள். நீதிமொழிகள் 11:1இல் "சுமுத்திரையான நிறைகல்", அதாவது சரியான எடைக்கல், என்று வருகிறது, கவனித்தீர்களா? கூட்டிப் போடத் தொடங்கும் முன்பாக, நாளைக்கே தராசை முத்திரை வைக்க எடுத்துப் போங்கள்.