டீச்சர்கிட்ட கேளுங்க: குடத்தை வச்சிட்டுப் போன பொம்பள

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பிரசங்கத்துக்கு கதை எங்க கிடைக்கும்னு. நான் ராயபுரத்துல ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ, சபையில ஆயர் லீவு போட்டா பிரசங்கம் என் தலையிலதான் விழும், அதனால என்னமோ நான் பெரிய கதை மூட்டை வச்சிருக்கேன்னு நினைச்சுட்டீங்க போல. மூட்டை எல்லாம் இல்ல, நாலு நோட்டுதான் இருக்கு. பரவால்ல, தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: டீச்சர், நான் லே ப்ரீச்சர் (ஆயர் இல்ல, சபையில ஒருத்தனா பிரசங்கம் பண்றவன்), மாசத்துக்கு ஒரு ஞாயிறு என் டர்ன். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து உதாரணக் கதை தேடுறேன், கிடைக்கிறதெல்லாம் பனி கொட்டுற ஊர் கதையா இருக்கு, இல்லன்னா எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்த கதையா இருக்கு. வருஷம் முழுக்க எப்படி சமாளிக்கிறது? (தண்டையார்பேட்டை வாசகர்)

தம்பி, சனிக்கிழமை ராத்திரி மீன் மார்க்கெட் போனா மிச்சம் மீதிதான் கிடைக்கும். அதேதான் இதுவும்.

சபை வருஷத்துல ஒரு சௌகரியம் இருக்கு, அதை நாம யூஸ் பண்றதே இல்ல. கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு வர்ற அட்வென்ட் எப்ப வரும், ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் வர்ற லெந்து எப்ப வரும், எந்த ஞாயிறு என்ன வேதபாடம், எல்லாம் அல்மனாக்ல, அதாவது சபை காலண்டர்ல, முன்னாடியே அச்சடிச்சு கையில குடுத்துடுறாங்க. மூணு வருஷ சுழற்சி வச்சிருக்கிற சபைங்கள்ல ஏ வருஷம் மத்தேயு, பி மாற்கு, சி லூக்கா, நடுநடுவுல யோவான். இப்ப லெந்துல என்ன பேசப்போறோம்னு அட்வென்ட்லயே தெரியும்போது சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு காத்திருக்கணும்?

நான் பண்றது என்னன்னா, நோட்டுல தலைப்பு போட்டு பிரிக்கறதில்ல. அன்பு, விசுவாசம், மன்னிப்புன்னு பிரிச்சா எல்லாக் கதையும் எல்லாத்துலயும் அடங்கிடும், அப்புறம் எதுவும் கிடைக்காது. அட்வென்ட்டுக்கு அஞ்சு பக்கம், கிறிஸ்மஸுக்கு அஞ்சு பக்கம், லெந்துக்கு கொஞ்சம் ஜாஸ்தி, பெரிய வெள்ளி, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, அப்புறம் அந்த பெந்தெகொஸ்தேக்குப் பின்னு வர்ற நீளமான ஞாயிறுங்க, அதுக்கு பாதி நோட்டு. ரோட்ல, ஆஸ்பத்திரியில, பஸ்ல எதைப் பாத்தாலும் அது எந்த சீசன் பக்கத்துக்குப் போகும்னு பாத்து எழுதி வச்சிடுவேன். இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு சீசனுக்கான கதை அந்த சீசன்ல கிடைக்கவே கிடைக்காது.

அட்வென்ட்டை எடுத்துக்கோ. காத்திருக்கறதுதான் விஷயம். டிசம்பர்ல எவன் காத்திருக்கான், எல்லாரும் துணிக்கடைக்கும் கேக் ஆர்டருக்கும் ஓடிட்டிருக்கான். காத்திருக்கறதை பாக்கணும்னா மே மாசம் காசிமேடு போ. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது, வரிசையா கட்டிப் போட்டிருப்பாங்க. ஆனா சும்மா உக்காந்திருக்காங்களான்னா இல்ல. ஒருத்தர் இஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருப்பாரு, ஒருத்தர் பெயிண்ட் அடிப்பாரு, நாலு பேர் தரையில உக்காந்து கால் கட்டைவிரல்ல வலையை மாட்டிக்கிட்டு கிழிசலை பின்னிட்டிருப்பாங்க, வாய் ஒரு பக்கம் அரசியல் பேசும், கை ஒரு பக்கம் ஓடும். கடைசி ரெண்டு நாள் பாக்கணும் நீ, ஐஸ் ஏத்தறது என்ன, டீசல் புடிக்கறது என்ன, ராத்திரி பன்னெண்டு அடிச்சா கிளம்பணும். அந்த நேரத்துல போய் "டீசல் போட மறந்துட்டேன் அண்ணே, உன் டேங்குலேர்ந்து கொஞ்சம் குடு"ன்னு கேட்டா குடுப்பாங்களா? மணவாளனுக்காக விளக்கோட காத்திருந்த பத்து கன்னிகை உவமையில, புத்தியுள்ள அஞ்சு பேர் மத்த அஞ்சு பேருக்கு எண்ணெய் குடுக்க மாட்டேன்னு சொன்னது சுயநலம் இல்லையான்னு வருஷா வருஷம் யாராவது கேப்பாங்க. காசிமேட்டுல யாரும் கேக்க மாட்டாங்க. அதை மே மாசத்துலயே எழுதி அட்வென்ட் பக்கத்துல போட்டு வை.

அதே மாதிரி லெந்து. ஏ வருஷத்துல லெந்து மூணாம் ஞாயிறு சமாரியப் பொம்பள பாடம், யோவான் 4. மதிய நேரத்துல கிணத்துக்கு வர்றா, இயேசு பேசறாரு, எல்லாம் நாம கேட்டதுதான். 28ம் வசனத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு, "தன் குடத்தை வைத்துவிட்டு, ஊருக்குள்ளே போய்". இதை நான் பல வருஷம் தாண்டிப் போயிருக்கேன். 2019ல சென்னையில ஏரியெல்லாம் வறண்டு தண்ணி இல்லாம கெடந்தோமே, அப்ப ஒரு நாள் வியாசர்பாடியில என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தெரு முனையில குடம் வரிசை, பச்சை, சிவப்பு, ஊதா, ஆளே இல்ல, குடம்தான் ஆள். ஒவ்வொரு குடத்துலயும் பெயிண்ட்ல இனிஷியல். லாரி வர்ற சத்தம் கேட்டதும் எங்கெங்கேயோ இருந்து பொம்பளைங்க ஓடி வந்தாங்க, ஒருத்தி அடுப்புல குழம்பை அப்படியே விட்டுட்டு கரண்டியோட வந்தா. ஒரு குடம் வரிசையில கொஞ்சம் பின்னாடி நகந்துடுச்சுன்னு நடந்த சண்டை இருக்கே, அதை பத்திரிகையில எழுத முடியாது.

அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு அந்த வசனம் உறைச்சுது. குடத்தை வச்சிட்டுப் போனாளாம்! தண்ணிக்குன்னு வந்தவ, வெயில்ல நடந்து வந்தவ, குடத்தை வச்சிட்டுப் போறான்னா அவளுக்கு உள்ள என்னவோ ஆயிருக்கணும் இல்ல? மறுபடி அந்தப் பாடம் வந்தப்ப இதை எங்க சபையில சொன்னேன், வேற ஒண்ணும் விளக்கல. குடத்துல இனிஷியல் இருந்ததைச் சொல்லும்போதே முன்னாடி உக்காந்திருந்த அம்மாங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க, வசனத்தைப் படிச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு.

ஆனா ஒண்ணு, முதல்ல பாடத்தைப் படி, திரும்பத் திரும்பப் படி, அது எங்க உன்னை இடிக்குதுன்னு பாரு, அப்புறம் நோட்டைத் திற. நல்ல கதை கிடைச்சிடுச்சேன்னு அதுக்கு வசனம் தேடுறது வாங்கின பொத்தானுக்கு சட்டை தைக்கிற கதை. நானும் தைச்சிருக்கேன்.

கேள்வி: கழுகு நாப்பது வயசுல மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில அடிச்சு உடைச்சு, அஞ்சு மாசம் காத்திருந்து புது அலகு முளைச்சு இன்னும் முப்பது வருஷம் வாழும்னு வாட்ச் நைட்ல (வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை) சொல்லப் போறேன். நல்லா இருக்குமா? (வாலிபர் சங்கச் செயலாளர், வண்ணாரப்பேட்டை)

வேணாம் தம்பி, கால்ல விழறேன்.

இதை நானே சொல்லியிருக்கேன், சங்கீதம் 103ல "கழுகுக்குச் சமானமாய்"னு வருதே அதோட சேத்து. ஆராதனை முடிஞ்சு கை குடுக்க நிக்கறேன், ஒன்பதாவது படிக்கிற பையன் வந்து, "டீச்சர், அலகு இல்லாம அஞ்சு மாசம் கழுகு என்ன சாப்புடும்?"னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அலகு நம்ம நகம் மாதிரி வளந்துட்டே இருக்கும், ஆனா மொத்தமா உடைஞ்சா அந்தப் பறவை பட்டினியில சாகும், காட்டுல கழுகு எழுபது வருஷம் வாழறதும் இல்ல. பழைய இறகு உதிந்து புது இறகு முளைக்கும், அது நிஜம், வசனத்துக்கு அதுவே போதும். அடுத்த வாரம் மைக் புடிச்சு "போன வாரம் நான் சொன்னது தப்பு"ன்னு சொன்னேன். அந்தப் பையன் அதுக்கப்புறம்தான் என் பிரசங்கத்தை ஒழுங்கா கேக்க ஆரம்பிச்சான், அது வேற விஷயம்.

இன்னும் சிலது சுத்துது. பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்துல நுழையறதை விட ஒட்டகம் ஊசிக்காதுல நுழையறது சுலபம்னு இயேசு சொன்னாரே, அதுக்கு ஒரு விளக்கம் குடுப்பாங்க. எருசலேம்ல ஊசிக்காதுன்னு ஒரு சின்ன வாசல் இருந்துச்சு, ஒட்டகம் மண்டி போட்டு நுழையும்னு சொல்லுவாங்க, அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே இல்ல. இயேசு முடியாத காரியத்தைத்தான் சொன்னாரு, நாம அதை முட்டி போட்டா முடியற காரியமா ஆக்கிட்டோம். யோசுவா நாள்ல சூரியன் நின்னதால காணாமப் போன நேரத்தை நாசா கண்டுபிடிச்சதுன்னு ஒண்ணு, அதுவும் புளுகு. அடிமைக் கப்பல் கேப்டன் ஜான் நியூட்டன் கதை நிஜம்தான், ஆனா நாம சொல்ற விதம் தப்பு. 1748 புயல்ல கர்த்தரைக் கூப்பிட்டாரு, மறுநாளே அடிமை வியாபாரத்தை விட்டுட்டாருன்னு சொல்லுவோம். விடல. அதுக்கப்புறமும் அடிமைக் கப்பலுக்கு கேப்டனா போனாரு, 1754ல உடம்பு முடியாமதான் கடலை விட்டாரு, அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையா எழுதினது 1788ல. கணக்கு போட்டுப் பாரு, நாப்பது வருஷம். உண்மையைச் சொன்னா கதை கெட்டுப்போகும்னு நினைக்காத, லெந்து நாள்ல மனந்திரும்புதலைப் பத்திப் பேச இந்த நாப்பது வருஷத்தை விட வேற என்ன வேணும் உனக்கு?

வாட்ச் நைட்டுக்கு கதையே வேணாம். மணி பதினொன்னரை, பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் பட்டாசு நினைப்பு.

கேள்வி: எங்க வீட்டு பிரச்சினையை ஜெபத்துக்காக சொன்னேன், அடுத்த மாசமே பேர் சொல்லாம பிரசங்கத்துல உதாரணமா வந்துடுச்சு. எல்லாருக்கும் புரிஞ்சுது. எங்க போய் சொல்றது? (பெரம்பூர் வாசகி)

படிச்சதும் வயிறு எரிஞ்சுதும்மா. அவர்கிட்டயே நேரா போய் சொல்லுங்க, கூட ஒரு பெரியவங்களைக் கூட்டிட்டுப் போங்க. பிரசங்கிக்கிறவங்களுக்கு நான் சொல்றது, பேரை எடுத்துட்டா போதும்னு நினைக்காதீங்க, இது நாலு தெரு சபை, "நம்ம சபையில ஒரு சகோதரி"ன்னு ஆரம்பிச்சாலே பத்து தலை திரும்பும். கேட்டு, அவங்க சரின்னு சொன்னா சொல்லுங்க, இல்லன்னா உங்க சொந்த மானத்தை வித்து உதாரணம் சொல்லுங்க.

துக்கமும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, சுனாமி வந்துச்சு. கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரத்துல ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழற பாடம் வரும்போது எனக்கு அது ஞாபகம் வராம இருக்காது. ஆனா கரையோர சபையில அன்னிக்கு ஆளை இழந்தவங்க பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு நம்ம வர்ணனை எதுக்கு. தேதியை மட்டும் சொல்லிட்டு அமைதியா இருப்பேன்.

கேள்வி: சண்டே ஸ்கூல் எடுக்கிறேன் டீச்சர். பழைய கதைங்க எங்க பசங்களுக்குப் புரியல. (காசிமேடு)

புரியாதுதான். பின்னி மில் சங்கு ஊதினா ஊரே எழுந்துக்கும்னு நான் விழிப்பைப் பத்தி சொன்னேன், அறுபது தாண்டினவங்க தலையாட்டினாங்க, பசங்களுக்கு சங்குன்னா வேற ஞாபகம், கெக்கெக்கேன்னு சிரிச்சுதுங்க. நீங்க இருக்கிற இடத்துல உங்களுக்கு கதையே தேட வேணாம்மா. 2025ல ஈஸ்டர் ஏப்ரல் 20, தடை ஆரம்பிச்சு அஞ்சு நாள். அந்த வருஷம் யோவான் 21 பாடம், சீஷருங்க மீன் பிடிக்கப் போற இடம், மே 4ல வந்துச்சு, "அந்த இராத்திரியிலே அவர்கள் ஒன்றும் பிடிக்கவில்லை". வீட்ல மீன் காசு வராத பசங்ககிட்ட இதை வாசிச்சுட்டு, கரையில இயேசு ஏற்கனவே மீன் சுட்டு வச்சிருந்தாருங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க. 153 மீனை யார் எண்ணினதுன்னு அதுங்களே கேக்கும். ஏலக்கூடத்துல யார் எண்ணுவாங்கன்னு அதுங்களே சொல்லும்.

கேள்வி: திரித்துவ ஞாயிறுக்கு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்னு விளக்க, தண்ணி, ஐஸ், நீராவி உதாரணம் சொல்லலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. ஒரே தண்ணி மூணு வேஷம் போடுதுன்னு ஆயிடும், மூணாம் நூற்றாண்டுல சபெல்லியுஸ்ங்கிறவர் சொன்ன மாதிரி, சபை அதைத் தப்புன்னு தள்ளிடுச்சு. ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சக்கருன்னு முட்டை உதாரணம் சொன்னா கடவுளை மூணு துண்டா வெட்டினதாயிடும். 2025ல திரித்துவ ஞாயிறு ஜூன் 15, தடை முடிஞ்ச மறுநாள். ஒரு கரையோர சபைக்கு விருந்தாளியா வந்த பிரசங்கியார் இதே ஐஸ் உதாரணத்தோட ஏறினாரு. ஆம்பளைங்க பெஞ்சு காலி, ஊர்ல இருந்த ஐஸ் மொத்தமும் ராத்திரியே படகுல ஏறி கடலுக்குப் போயிடுச்சு.